ஒரே எண், இரண்டு நோய்: கோபன்ஹேகனும் இரத்தத்தின் கரியமில வாயுவும்

கரியமில வாயு என்ற பழைய பெயருக்குள் ஓர் அமிலம் இருக்கிறது. கரியும் அமிலமும் ஒட்டிப் பிறந்த பெயர் அது. பாடநூல்கள் கார்பன் டை ஆக்சைடு என்று எழுதத் தொடங்கிய பிறகு அந்தக் குறிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த வாயு நீரில் கரையும்போது அதில் ஒரு சிறு பங்கு நீரோடு கூடிக் கார்பானிக் அமிலமாகிறது. கோலி சோடாவின் முதல் மிடறு நாக்கில் சுருக்கென்று தைப்பது அந்த அமிலத்தால்தான். இரத்தத்திலும் இதே வினை நடக்கிறது. அங்கே உருவாகும் கார்பானிக் அமிலம் உடனே பிரிந்து ஒரு ஹைட்ரஜன் அயனியையும் ஒரு பைகார்பனேட் அயனியையும் தருகிறது. ஹைட்ரஜன் அயனி கூடினால் அமிலத்தன்மை கூடும். பைகார்பனேட்டோ அமிலத்தை வாங்கி அடக்கும் காரப்பொருள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. நாள் கணக்கில் அது சுமார் 13,000 மில்லிமோல் அமிலத்துக்குச் சமம். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வெளியேற்றும் மற்ற அமிலங்கள் எல்லாம் சேர்ந்து 70 மில்லிமோலை ஒட்டியே வரும். ஆகவே உடலின் மிகப் பெரிய அமிலக் கழிவு மூச்சு வழியாகத்தான் போகிறது. இவ்வளவு அமிலம் நாள் முழுதும் வந்து போகும்போதும் தமனி இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் அசையாமல் நிற்கிறது.

ஒரே வாயு இரத்தத்தில் இரண்டு வேடம் போடுகிறது. கரைந்த வாயுவாக இருக்கும்போது அது அமிலத்தின் பக்கம். பைகார்பனேட்டாக இருக்கும்போது காரத்தின் பக்கம். இரத்தத்தை ஒரு குழாயில் இட்டு அதிலுள்ள கரியமில வாயு முழுவதையும் பிரித்து அளந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாக வரும். இந்த விஷயத்தின் வரலாறு பெரும்பாலும் அந்த எண்ணைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்ட வரலாறுதான். அதன் முக்கியமான அத்தியாயங்கள் பல டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் எழுதப்பட்டன. அதே எண்ணைத் தவறாகப் படித்து மிகப் பெரிய விலை கொடுத்ததும் அந்த நகரம்தான்.

இரத்தத்தின் காரத்தன்மை குறையும் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது காலரா. 1831 இறுதியில் அந்த நோய் இங்கிலாந்தில் பரவியபோது வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் நீரும் உப்பும் காரமும் குறைந்திருப்பதைக் கண்டு எழுதினார். இவரே பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் கற்பித்தவர். இந்தியாவில் தந்திக் கம்பி போடும் பணிக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். அவருடைய கட்டுரையைப் படித்த தாமஸ் லாட்டா 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலரா நோயாளிகளின் சிரைக்குள் உப்புக் கரைசலைச் செலுத்திச் சிலரைப் பிழைக்கவைத்தார். இருவருக்கும் அமிலம், அயனி என்ற கணக்கெல்லாம் தெரியாது. காரம் போய்விட்டது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அளவில்தான் அவர்கள் யோசித்தார்கள்.

1874இல் அடோல்ஃப் குஸ்மௌல் நீரிழிவு முற்றி மயக்கத்தில் விழுந்தவர்களின் மூச்சைக் கவனித்து எழுதினார். மூச்சுக் குழாயில் எந்த அடைப்பும் இல்லாமலே அவர்கள் ஆழமாகவும் பெரிதாகவும் மூச்சு வாங்கினார்கள். 1877இல் ஃபிரெடெரிக் வால்டர் முயல்களுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் புகட்டினார். முயல்களும் அப்படியே மூச்சு வாங்கின. இரத்தத்திலிருந்த கரியமில வாயு வெகுவாகக் குறைந்தது. சாகும் தறுவாயில் இருந்த முயல்களின் இரத்தத்தில் சோடியம் கார்பனேட் செலுத்தியபோது அவை தேறின. இதிலிருந்து ஒரு விதி பிறந்தது: இரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து வந்த அமிலம் பைகார்பனேட்டோடு வினைபுரிந்து அதை வாயுவாக்கி மூச்சில் அனுப்பிவிடுவதால் எண் இறங்குகிறது. நீரிழிவு, காலரா, சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றிலும் இந்த விதி சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததாலேயே அதைத் திருப்பிப் போட்டுப் படிக்கும் பழக்கமும் வந்தது. கரியமில வாயு கூடினால் காரம் கூடியிருக்கிறது என்ற அந்தப் பழக்கம் 75 ஆண்டுகள் கழித்துத் தன் குணத்தைக் காட்டியது.

அதற்கு முன் கோபன்ஹேகன் தன் பங்கைச் செய்தது. அந்த நகரின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையை நிறுவிய ஜே. சி. ஜேக்கப்சன் 1875இல் ஆலைக்கென ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். அதன் வேதியியல் பிரிவுக்கு 1901இல் தலைவராக வந்தவர் எஸ். பி. எல். சோரன்சன். நொதிகள் வேலை செய்யும் வேகம் கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறுவதை அவர் ஆராய்ந்தார். ஒரு லிட்டரில் 0.00000004 மோல் ஹைட்ரஜன் அயனி என்பது போன்ற எண்களை ஒவ்வொரு முறையும் எழுதுவது பெருந்தொல்லை. 1909இல் அவர் இந்த எண்ணின் மடக்கையை எடுத்து, முன்னாலிருக்கும் கழித்தல் குறியை நீக்கி, அதற்கு பி.எச். என்று பெயரிட்டார். மேலே சொன்ன நீண்ட எண் 7.4 என்று சுருங்கிவிட்டது. அது சாதாரண மனித இரத்தத்தின் எண்ணும்கூட. பீர் வடிப்பதற்காகச் செய்த ஆராய்ச்சியில் பிறந்த அளவுகோல் இன்று உலகின் ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் உச்சரிக்கப்படுகிறது.

அதே நகரின் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தவர் கிறிஸ்டியன் போர். அணு இயற்பியலில் பெயர் பெற்ற நீல்ஸ் போரின் தந்தை. 1904இல் அவரும், கார்ல் ஹாசெல்பால்க், ஆகஸ்ட் குரோக் ஆகிய இருவரும் சேர்ந்து, கரியமில வாயு மிகுந்தால் இரத்தம் ஆக்சிஜனைப் பற்றியிருக்கும் பிடி தளர்கிறது என்று காட்டினார்கள். உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் தாராளமாக இறங்குவது இதனால்தான். மறு ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஜே. எஸ். ஹால்டேனும் ஜே. ஜி. பிரீஸ்ட்லியும் மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று சோதித்தார்கள். நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே மூச்சின் அளவு இரட்டிப்பாயிற்று. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலோ உடல் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. மூச்சை நடத்துவது ஆக்சிஜன் பசி என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய செய்தி.

கணக்கு எழுதும் வேலை ஹார்வர்டில் இருந்த லாரன்ஸ் ஹெண்டர்சனுடையது. 1908இல் அவர் இரத்தத்தின் ஹைட்ரஜன் அயனிச் செறிவு இரண்டு பொருள்களின் விகிதத்தைப் பொறுத்தது என்று சமன்பாடு எழுதினார்: மேலே கரைந்த கரியமில வாயு, கீழே பைகார்பனேட். கோபன்ஹேகனில் ஹாசெல்பால்க் இரத்தத்தின் பி.எச். அளவை உடல் வெப்பத்திலேயே அளக்க முயன்றுகொண்டிருந்தார். அன்றிருந்த ஹைட்ரஜன் மின்முனைக்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது இரத்தத்திலிருந்த கரியமில வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். அளக்கப் போன பொருளையே அளவி மாற்றிவிடும். இரத்தத்தோடு ஒரு முறை சமநிலைக்கு வந்த வாயுவை வெளியே விடாமல் அதையே அடுத்த மாதிரிக்கும் வைத்து அவர் இந்தச் சிக்கலைத் தீர்த்தார். 1916இல் ஹெண்டர்சனின் சமன்பாட்டைச் சோரன்சனின் மடக்கை வடிவத்துக்கு மாற்றினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் ஹெண்டர்சன்–ஹாசெல்பால்க் சமன்பாடு அதுதான். பி.எச். என்பது 6.1 என்ற எண்ணோடு, பைகார்பனேட்டைக் கரைந்த வாயுவால் வகுத்து வரும் ஈவின் மடக்கையைக் கூட்டியது. நலமுள்ளவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 24 மில்லிமோல் பைகார்பனேட். கரைந்த வாயு 1.2 மில்லிமோல். விகிதம் 20க்கு 1. அதன் மடக்கை 1.3. கூட்டினால் 7.4.

இந்தச் சமன்பாட்டின் மர்மம் ஓரிடத்தில் இருக்கிறது. பி.எச். அளவை அதிகம் மாறவிடாமல் தாங்கும் எந்தத் தாங்கல் கரைசலும் தன் சொந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்பது வேதியியல் விதி. கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் சேர்ந்த கரைசலின் எண் 6.1, இரத்தமோ 7.4. தாளில் பார்த்தால் மிக மோசமான தேர்வு. மூடிய சீசாவில் இதே கரைசலை வைத்து லிட்டருக்கு 10 மில்லிமோல் அமிலத்தை ஊற்றினால் பைகார்பனேட் 14க்கு இறங்கும், கரைந்த வாயு 11.2க்கு ஏறும், பி.எச். 6.2 ஆகிவிடும். அந்த நிலையில் எந்த உயிரும் தங்காது. உடல் மூடிய சீசாவாக இல்லை. உண்டாகும் வாயுவை நுரையீரல் உடனுக்குடன் வெளியே தள்ளிக் கரைந்த வாயுவை 1.2லேயே நிறுத்தினால் பி.எச். 7.17இல் நின்றுவிடும். அமிலத்தை உணர்ந்த மூளை மூச்சை இன்னும் ஆழமாக்கிக் கரைந்த வாயுவை 0.9க்கு இறக்கினால் 7.3ஐ நெருங்கிவிடும். ஹீமோகுளோபின் முதலியவை அமிலத்தில் பங்கு வாங்கிக்கொள்வதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் தேறும். குஸ்மௌல் கண்ட பெருமூச்சு நோயின் கொடுமையாகத் தோன்றினாலும் உண்மையில் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி அது. சீசாவின் வாய் திறந்திருப்பதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிரே இருக்கிறது. வாய் அடைபட்டால் அமிலத்தைத் தாங்கும் அதே பொருள் அமிலமாகக் குவியும்.

வேகமும் ஒரு கேள்வியாக இருந்தது. கரியமில வாயு நீரோடு கூடும் வினை தானாக நடந்தால் பல வினாடிகள் பிடிக்கும். நுண்குழாய்களில் இரத்தம் தங்குவதோ ஒரு வினாடிக்கும் குறைவு. 1933இல் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் சிவப்பணுக்களுக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைக் கண்டபோது இந்தப் புதிர் அவிழ்ந்தது. உருவாகும் ஹைட்ரஜன் அயனியை ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. பைகார்பனேட் அணுவைவிட்டு வெளியேறிப் பிளாஸ்மாவில் சேர, அதன் இடத்துக்குக் குளோரைடு உள்ளே வருகிறது.

ஆக 1930களின் நடுவில் கொள்கை அனேகமாக முழுமை பெற்றுவிட்டது. மருத்துவமனைகளின் ஆய்வகம் அந்த அளவுக்கு வளரவில்லை. சமன்பாட்டில் மூன்று எண்கள் உண்டு. இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைக்கும். இரத்தத்தின் பி.எச். அளவை அன்றாடம் அளப்பது கடினம், கரைந்த வாயுவின் அழுத்தத்தை நேரடியாக அளக்கக் கருவியே இல்லை. மிஞ்சியது கரியமில வாயுவின் மொத்த அளவு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் டொனால்ட் வான் ஸ்லைக் அதற்கு ஒரு கண்ணாடிக் கருவி செய்தார். இரத்தத்தோடு அமிலத்தைக் கலந்து, பாதரசத்தை இறக்கி வெற்றிடம் உண்டாக்கிக் குலுக்கினால் வாயு முழுவதும் வெளியே வரும், அதை அளந்துகொள்ளலாம். 1917இல் அவரும் கல்லனும் வெளியிட்ட கட்டுரை, பைகார்பனேட் குறைவதையே அமிலமிகையின் அடையாளமாக வைத்தது. அதற்குக் காரத்தின் கையிருப்பு என்று பொருள்படும் பெயரும் வழங்கியது. வான் ஸ்லைக் மீது குறை சொல்ல முடியாது. 1921இலேயே அவர் வரைந்த வரைபடத்தில், மூச்சுத் தடைப்பட்டு வாயு தேங்குவதால் வரும் அமிலமிகைக்குத் தனி இடம் இருந்தது. ஆனால் வார்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தது வரைபடம் அல்ல, கருவி. கருவி தந்த ஒற்றை எண்ணை மருத்துவர்கள் காரக் கையிருப்பாகவே படித்துப் பழகினார்கள்.

ஒற்றை எண் எப்படி ஏமாற்றும் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒருவருக்கு ஓயாத வாந்தியால் வயிற்றின் அமிலம் போய்விட்டது என்று கொள்ளலாம். பைகார்பனேட் 31.7, கரைந்த வாயு 1.3, மொத்தம் 33. பி.எச். 7.49, இரத்தம் காரம் மிகுந்திருக்கிறது. இன்னொருவருக்கு மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோய் வாயு வெளியேறவில்லை. கரைந்த வாயு 3க்கு ஏறிவிட்டது. அந்த ஏற்றமே வினையைத் தள்ளிப் பைகார்பனேட்டையும் 30க்கு உயர்த்தியிருக்கிறது. மொத்தம் அதே 33. பி.எச். 7.1, அமிலத்தால் உயிர் ஊசலாடுகிறது. வான் ஸ்லைக் கருவிக்கு இருவரும் ஒன்றுதான்.

1952 கோடையில் கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் மருத்துவமனையில் ஜூலை இறுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை 2,722 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 316 பேருக்கு மூச்சுத் தசைகளோ தொண்டையோ செயலிழந்தன. உச்சத்தில் ஒரே நாளில் 50 பேர் வரை வந்தார்கள். மருத்துவமனையிடம் இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் கவசம்போலப் பொருத்தும் ஆறு சுவாசக் கருவிகளும். இவை உடலுக்கு வெளியே காற்றழுத்தத்தைக் குறைத்து மார்பை விரியச் செய்பவை. தொண்டை செயலிழந்தவர்களுக்கு எச்சிலும் சளியும் மூச்சுக்குழாயில் இறங்கி அடைத்துக்கொள்ளும்; மார்பு எவ்வளவு விரிந்தாலும் காற்று உள்ளே போகாது. முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சேர்ந்த மூன்று நாட்களுக்குள். பலர் குழந்தைகள்.

இறக்கும் முன் அவர்களின் தோல் வியர்த்து ஈரமாகும், இரத்த அழுத்தம் ஏறும், நினைவு மங்கும். ஆய்வகம் மொத்தக் கரியமில வாயு மிக அதிகம் என்று எழுதி அனுப்பும். காரணம் விளங்காத காரமிகை என்று தலைமை மருத்துவர் ஹென்றி லாசெனின் குழு அதைப் படித்தது. வைரஸ் மூளையைத் தாக்கியதால் மரணம் என்று முடிவு கட்டப்பட்டது. தோல் நீலம் பாரிக்காததால் மூச்சு போதவில்லை என்ற ஐயமும் எழவில்லை. ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவருக்குத் தோல் சிவப்பாகவே இருக்கும். வாயு தேங்குவதை அந்தச் சிவப்பு மறைத்துவிடும். ஹாசெல்பால்க் தன் சமன்பாட்டை எழுதிய நகரத்திலேயே, அது எழுதப்பட்டு 36 ஆண்டுகள் கழித்து, அதன் ஒரு பகுதியை மட்டும் வைத்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரலாற்றின் கசப்பான விநோதம்.

லாசெனின் கீழ் பணிபுரிந்த மோகன்ஸ் ப்யோர்னெபோ ஒரு யோசனை சொன்னார். அதே ஆண்டில் வலிப்பு கண்ட டெட்டனஸ் சிசு ஒன்றின் சிகிச்சையில் அவருக்கு உதவிய மயக்க மருந்து நிபுணர் ஒருவரை அழைக்கலாம் என்பதே அது. அன்று மயக்க மருந்து நிபுணரின் இடம் அறுவை அரங்கு மட்டுமே. தொற்றுநோய் வார்டில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கும் காலம். லாசென் தயங்கி, பிறகு இணங்கினார். ஆகஸ்டு 25 அன்று வந்தவர் 36 வயது பியோர்ன் இப்சென். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பயிற்சி பெற்றவர்.

இப்சென் நோயாளிகளின் குறிப்புகளையும் பிரேதப் பரிசோதனையில் எடுத்த நுரையீரல்களையும் பார்த்தார். நுரையீரல்கள் சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போகவில்லை; காற்றை ஏற்கும் நிலையில்தான் இருந்தன. வியர்வை, ஏறும் இரத்த அழுத்தம் ஆகிய குறிகளை அவர் அறுவை அரங்கில் பல முறை கண்டிருக்கிறார். மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு போதாமல் கரியமில வாயு தேங்கினால் வரும் குறிகள் அவை. ஆய்வகத்தின் எண்ணை அவர் மறுபக்கத்திலிருந்து படித்தார். இது காரமிகை இல்லை, வெளியேறாத அமிலம். மூளை கெட்டதால் மூச்சு நிற்கவில்லை. மூச்சு நின்றதால்தான் உயிர் போகிறது.

அந்த வாரத்திலேயே சோதனைக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். சாகும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, ஊதினால் பருக்கும் உறை பொருத்திய ரப்பர் குழாய் செருகப்பட்டது. தொடக்கத்தில் எல்லாம் கைமீறிப் போவதுபோலத் தோன்றியது. மூச்சுக்கிளைகள் இறுகி, காற்று உள்ளே போக மறுத்தது. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்களில் சிலர் இனி ஒன்றும் ஆகாது என்று வெளியேறிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இப்சென் பென்டதால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினார். சிறுமியின் சொந்த மூச்சு நின்றது, இறுக்கம் தளர்ந்தது. ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுடைய நுரையீரலில் காற்றை ஏற்ற முடிந்தது. பையோடு இணைத்த சுண்ணாம்புப் புட்டி வெளிமூச்சின் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டது. வியர்வை நின்றது, இரத்த அழுத்தம் இறங்கியது, கரியமில வாயுவின் அளவும் இறங்கியது. பிறகு அவளை மார்புக்கவசக் கருவிக்கு மாற்றிப் பார்த்தார்கள். அளவு மறுபடி ஏறியது. பைக்குத் திரும்பியதும் மறுபடி இறங்கியது. காரமிகை என்று பெயர் பெற்றிருந்த ஒன்று, கையின் அமுக்கலுக்கு ஏற்பச் சில நிமிடங்களில் வந்தும் போயும் காட்டியது. இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவைப்படவில்லை.

அப்போது தேவைப்பட்டவை கைகள். பையை அமுக்க இயந்திரம் இல்லாததால் மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் அழைக்கப்பட்டார்கள். மாதக்கணக்கில் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து வந்தார்கள். உச்சத்தில் சுமார் 70 நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் இரவும் பகலும் கையால் மூச்சு கொடுக்கப்பட்டது. மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டிலின் தலைமாட்டில் முக்காலி போட்டு அமர்ந்து, குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்க வேண்டும். தொண்டையில் குழாய் இருப்பதால் குழந்தையால் பேச முடியாது. காற்று போதவில்லை என்பதைக் கண்ணால் சொல்ல வேண்டும். சமன்பாட்டின் கீழ்ப்பகுதியான கரைந்த வாயுவை 1.2லேயே நிறுத்தும் வேலை, மூளையின் தண்டிலிருந்து இருபது வயது மாணவர்களின் விரல்களுக்கு மாறியிருந்தது. நூற்றுக்கு 87 என்றிருந்த இறப்பு ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. 1953 ஜனவரியில் லாசெனின் அறிக்கை லான்செட் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது சுவீடன்காரர் எங்ஸ்ட்ரோமின் இயந்திரங்கள் கைகளின் இடத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கின. 1953 டிசம்பரில் இப்சென் கோபன்ஹேகனின் நகராட்சி மருத்துவமனையில் திறந்த பிரிவே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

பிளெக்டாம் ஆய்வகத்தின் தலைவர் போல் ஆஸ்ட்ரப்புக்கு இந்த நிகழ்ச்சி ஒரு கடனை வைத்துவிட்டுப் போயிற்று. தவறான விளக்கத்துக்கு இடம் கொடுத்த எண் அவருடைய மேசையிலிருந்து போனது. இப்சென் சொன்னது சரி என்றால் இரத்தத்தின் பி.எச். குறைந்திருக்க வேண்டும். கோபன்ஹேகனிலேயே இயங்கிய ரேடியோமீட்டர் நிறுவனத்தின் பி.எச். அளவியைப் பெற்று உடல் வெப்பத்தில் அளந்து பார்த்தார், குறைந்துதான் இருந்தது. மொத்த வாயுவும் பி.எச். அளவும் கைக்கு வந்ததால் ஹாசெல்பால்க் சமன்பாட்டில் இட்டுக் கரைந்த வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிட முடிந்தது. தொற்று நடந்த மாதங்களில் இந்த அளவையே வைத்து, எந்த நோயாளிக்கு மூச்சைக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்று வார்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் வான் ஸ்லைக் கருவியைக் குலுக்குவது மெல்ல நகரும் வேலை. அதைத் தவிர்க்க ஆஸ்ட்ரப் கண்ட வழி அழகானது. ஒருவருடைய இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே போனால், அந்த அழுத்தத்தின் மடக்கைக்கும் பி.எச். அளவுக்கும் இடையே வரும் கோடு நேர்கோடாக இருக்கும். ஆகவே இரத்த மாதிரியை மூன்றாகப் பிரித்தார். ஒன்றின் பி.எச். அளவை அப்படியே அளந்தார். மற்ற இரண்டையும் அழுத்தம் தெரிந்த இரண்டு வாயுக் கலவைகளோடு சமநிலைக்குக் கொண்டுவந்து அளந்தார். பின்னிரண்டும் கோட்டைத் தரும். முதலாவது அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் நோயாளியின் வாயு அழுத்தம் கிடைத்துவிடும். வாயுவைத் தொடாமலே வாயுவை அளக்கும் இந்த முறை 1950களின் நடுவில் வெளிவந்து, ரேடியோமீட்டரின் கருவியாகப் பல நாடுகளுக்குப் போனது.

அமெரிக்காவில் இளம்பிள்ளை வாத வார்டு ஒன்றில் இதே சிக்கலோடு இருந்த ரிச்சர்ட் ஸ்டோ வேறு வழியில் போனார். கண்ணாடி மின்முனையின் மேல் ஒரு ரப்பர் உறையைப் போர்த்தி, இடையில் நீரை வைத்தார். அயனிகள் உறையைத் தாண்ட முடியாது, வாயு தாண்டும். தாண்டிய வாயு நீரை அமிலமாக்கும். அந்த அமிலத்தை மின்முனை சொல்லும். கரியமில வாயுவின் பெயரில் இருக்கும் அமிலத்தையே அதன் அளவுகோலாக்கிய யோசனை இது. 1954இல் ஸ்டோ இதை ஒரு கூட்டத்தில் விளக்கியபோது கேட்டுக்கொண்டிருந்த ஜான் செவரிங்ஹவுஸ், நீருக்குப் பதில் பைகார்பனேட் கரைசலை வைத்து அளவை நிலைப்படுத்தினார். லேலண்ட் கிளார்க்கின் ஆக்சிஜன் மின்முனையையும் சேர்த்து 1958இல் அவரும் பிராட்லியும் விவரித்த அமைப்பே இன்றைய இரத்த வாயுப் பகுப்பாய்வுக் கருவியின் முன்னோடி.

அளப்பது எளிதானதும் சண்டை தொடங்கியது. ஆஸ்ட்ரப்பின் குழுவில் இளையவரான ஓலே சிகார்ட்-ஆண்டர்சன், மூச்சின் பங்கைக் கழித்துவிட்டு மீதமுள்ள அமில–காரக் கோளாற்றை மட்டும் காட்டும் ஓர் எண்ணை 1950களின் இறுதியில் முன்வைத்தார். காரமிகுதி என்று அதைச் சொல்லலாம். குழாயில் வைத்த இரத்தத்திலிருந்து பெற்ற எண் அது. 1963இல் பாஸ்டனைச் சேர்ந்த ஷ்வார்ட்ஸும் ரெல்மனும் இதை எதிர்த்தார்கள். குழாயிலுள்ள இரத்தமும் உடலில் ஓடும் இரத்தமும் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். நாட்பட்ட நுரையீரல் நோயில் வாயு தேங்கினால் சிறுநீரகங்கள் சில நாட்களில் பைகார்பனேட்டைக் கூட்டிச் சேமித்து பி.எச். அளவைச் சரிக்கட்டும். வாயு அழுத்தம் பாதரசக் கணக்கில் 10 மில்லிமீட்டர் ஏறினால் உடனடியாகப் பைகார்பனேட் 1 மில்லிமோல்தான் கூடும். நாட்கள் கழிந்தால் 3 அல்லது 4 கூடும். உடலின் இந்த ஈடுசெய்தலைக் கோபன்ஹேகன் எண் தனியான நோயாகக் காட்டிவிடும் என்றார்கள். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே பல ஆண்டுகள் நீண்ட இந்த வாதத்தில் இரு தரப்பும் ஓரளவு சரி. ஒரு மயக்க மருந்து நிபுணருக்கு ஒற்றை எண் கைகொடுக்கும். ஒரு சிறுநீரக மருத்துவருக்கு நாட்கணக்கான விதிகள் கைகொடுக்கும். இரண்டு முறைகளும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

மருத்துவமனைகளில் இப்போது தமனி இரத்தத்தில் சிறிதளவை இயந்திரத்துக்குள் விட்டால் ஒரு சில நிமிடங்களில் தாள் சுருள் வெளிவருகிறது. அதில் பி.எச்., கரியமில வாயுவின் அழுத்தம், ஆக்சிஜனின் அழுத்தம் ஆகிய மூன்றும் மின்முனைகள் அளந்தவை. அவற்றுக்குக் கீழே அச்சாகும் பைகார்பனேட் அளவை எந்த மின்முனையும் அளப்பதில்லை. முதல் இரண்டு எண்களையும் 1916ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் இட்டு இயந்திரம் கணக்கிட்டுக் கொள்கிறது. சிரை இரத்தத்தை வேதிப் பரிசோதனைக்கு அனுப்பினால் வரும் அறிக்கையிலோ இன்றும் மொத்தக் கரியமில வாயுவே தனி வரியில் நிற்கிறது, பெரும்பாலும் பைகார்பனேட் என்ற தலைப்பின் கீழ்.